பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பதா, விற்பதா? நமது கணக்கில் விடுபட்டுப் போகும் ஒரு வரி

என்னிடம் இருப்பது 2012 ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய 125 சீசீ மோட்டார் சைக்கிள். சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுச் சந்தி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை கடந்து பாடசாலைக்குப் போக 14 கிலோமீற்றர். திரும்பி வர 14 கிலோமீற்றர். பாடசாலைப் பயணம், சந்தை, பிள்ளைகளின் வகுப்பு, மையித்து வீடு, கலியாண வீடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் ஓடுகிறேன். ஐந்து இலக்க மீற்றர் அண்மையில் முழுச்சுற்றும் சுற்றிப் பூச்சியத்துக்கு வந்து, புதுப் பைக் போல மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது.

அன்று முதல் ஆசிரியர் ஓய்வறையில் ஒரே கேள்விதான். “சேர், இதை இன்னும் எத்தனை வருஷத்துக்கு வைத்திருக்கப் போறீங்க?”

இந்தக் கேள்வி என்னுடையது மட்டுமல்ல. நமது நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. நமது ஊர்களில் ஆசிரியர், மீனவர், கடைக்காரர், விவசாயி, பள்ளி முஅத்தின் என எல்லோருடைய குடும்பமும் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் அதை வைத்திருப்பதா, விற்பதா என்று முடிவெடுக்கும்போது நாம் சரியான கணக்குப் போடுவதில்லை. நானும் பிழையாகத்தான் போட்டேன். அதை மற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

ஒரு பில்லைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

பெரும்பாலானோர் பைக்கை விற்க முடிவெடுப்பது ஒரு பெரிய பில் கையில் கிடைக்கும் நாளில்தான். எனக்கும் அப்படித்தான். கடந்த வருடம் சைலன்சரில் நீலப்புகை வரத் தொடங்கியது. சிலிண்டரை லேத்தில் கடைந்து, பிஸ்டன், ரிங், வால்வு சீல் எல்லாம் மாற்ற 38,000 ரூபா போனது. “இந்தக் காசுக்கு ஒரு புதுப் பைக்கின் முற்பணத்தில் கொஞ்சம் கட்டியிருக்கலாமே” என்று மனைவி சொன்னார். எனக்கும் அப்படியே தோன்றியது.

பிறகு ஆறுதலாக உட்கார்ந்து அந்த வருடத்தின் எல்லாச் செலவையும் கொப்பியில் எழுதினேன். என்ஜின் வேலை 38,000. மூன்று தடவை ஒயில் மாற்ற 7,500. பின் டயர் 10,500. செயின் செட் 6,000. பிரேக் சூ, கேபிள், பல்பு 4,500. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றுக்கும் சேர்த்து 5,500. மொத்தம் 72,000 ரூபா. மாதத்துக்கு 6,000 ரூபா.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒயில், டயர், செயின், காப்புறுதி போன்றவை புதுப் பைக்குக்கும் உண்டு. அவை பழைய பைக்கின் குற்றமல்ல. இரண்டாவது, என்ஜின் வேலை ஒவ்வொரு வருடமும் வருவதில்லை. ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய என்ஜினுக்கு ஒரு முறை செய்த வேலையைப் பல வருடங்களுக்குப் பங்கிட்டுப் பார்ப்பதே நியாயம். ஆகவே, மெக்கானிக் தந்த ஒரு பில்லைப் பார்த்து “இனி இது சரிவராது” என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு முழு வருடத்தின் கணக்கையே பார்க்க வேண்டும்.

புதியதின் விலை தவணையில்தான் தெரியும்

அதே காலத்தில் என்னுடன் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியர் தனது பழைய பைக்கைக் கொடுத்துவிட்டு, ஏழரை இலட்சம் ரூபாவுக்குப் புதியது ஒன்றை எடுத்தார். கையிலிருந்து 2 இலட்சம் கட்டினார். மிகுதி ஐந்தரை இலட்சத்துக்கு லீசிங். மாதத் தவணை 22,000 ரூபா; 36 மாதங்கள். பெருக்கிப் பாருங்கள்: தவணை மட்டும் 7 இலட்சத்து 92,000. முற்பணத்தையும் சேர்த்தால் 9 இலட்சத்து 92,000. ஏழரை இலட்சம் ரூபா பைக்குக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபா மேலதிகம். இதற்கு மேல், லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதியும் கட்டாயம் என்றார்கள். தவணை தவறினால் வாகனம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

“புதியதில் பெற்றோல் மிச்சம்” என்பது அடிக்கடி கேட்கும் நியாயம். அதையும் கணக்கிட்டேன். என் பழைய பைக் லீற்றருக்கு 38 கிலோமீற்றர் ஓடுகிறது. புதியது 50 ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 8,000 கிலோமீற்றருக்கு எனக்கு 210 லீற்றர் தேவை. அதற்கு 160 லீற்றர். மிச்சம் 50 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் வருடத்துக்கு 15,000 ரூபா. அது ஒரு மாதத் தவணைக்கே போதாது.

நம்மைப் பொறுத்தவரை இங்கே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த இரண்டரை இலட்சம் வட்டி. பைக் ஒன்றை மாற்றும் அவசரத்தில் நம்மில் பலர் அந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறோம். இஜாரா, முராபஹா அடிப்படையில் வாகனம் பெற்றுத்தரும் நிறுவனங்களும் நாட்டில் இருக்கின்றன. அவற்றின் நிபந்தனைகளை விளங்கிக்கொண்டு, ஆலிம் ஒருவரிடமும் கேட்டுச் செய்யலாம். ஆனால் எந்தப் பெயரில் வந்தாலும் 22,000 ரூபா மாதாந்தம் சம்பளத்திலிருந்து போகும் என்பதை மறக்கக் கூடாது. அது பிள்ளையின் வகுப்புக் காசிலிருந்து போகிறதா, உம்மாவின் மருந்துக் காசிலிருந்து போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தை விலை என்னும் மயக்கம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு வந்த விலை நமக்குத் தெரியும். நான் 2012 இல் 2 இலட்சத்துக்கும் குறைவாக வாங்கிய பைக்கை, பத்து வருடம் ஓடிய பின் 2022 இல் ஒருவர் 4 இலட்சத்துக்குக் கேட்டார். “இரட்டிப்பு இலாபம்” என்று நண்பர்கள் சொன்னார்கள்.

அது இலாபமல்ல. அந்த 4 இலட்சத்தைக் கொண்டுபோய் வாங்கக்கூடியது அதே வயதுடைய இன்னொரு பைக்கைத்தான். பைக் இல்லாமல் வாழக்கூடியவருக்கு மட்டுமே அது இலாபம். அந்த வருடத்தில்தான் பெற்றோல் 92 இன் விலை 470 ரூபாவரை ஏறியது, வரிசையில் இரவு பகலாக நின்றோம், பின்னர் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்தது. அந்த 4 லீற்றரைக்கொண்டு வாரம் முழுவதும் பாடசாலைக்குப் போய் வந்தவன் நான். அன்று விற்றிருந்தால் பஸ்ஸுக்கே காத்திருந்திருப்பேன்.

2025 ஆரம்பத்தில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதியவை கடைக்கு வந்துவிட்டன. ஆனாலும் “இப்போது விற்றால் நல்ல விலை” என்ற பேச்சு மாத்திரம் தொடர்கிறது. விற்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். விற்றுவிட்டு அடுத்து வாங்கப் போவதற்கும் அதற்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். அதுதான் நீங்கள் உண்மையில் செலுத்தும் விலை.

இவ்வளவும் எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்குத் தெளிவாகச் சொல்கிறது: வைத்திரு. கொப்பியை மூடி வைத்துவிட்டேன்.

கணக்கில் இல்லாத வரி

கடந்த மாரியில் பின்சில்லு காற்றுப் போயிருந்தது. கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் மெக்கானிக் காக்கா சில்லைக் கழற்றினார். பிறகு பேசாமல் ஒரு துணியை எடுத்துப் பின்சில்லைத் தாங்கும் கவையைத் துடைத்தார். டோர்ச்சை அடித்துக் காட்டினார். ஷொக் பொருந்தும் இடத்துக்குக் கிட்ட, ஒட்டுப் போட்ட கோட்டின் வழியே மயிரிழை போன்று ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து, உள்ளே துரு.

“சேர், இது எத்தின நாளா இப்பிடி?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் மாலைதான் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வகுப்பு முடிந்து, மழையில் மாவடிப்பள்ளி வீதியால் வந்திருந்தேன். எதிரே நெல் மூடை ஏற்றிய லொறி வந்தது. ஓரத்துக் குழியில் சில்லு விழுந்து எழும்பியது. “வாப்பா, மெதுவா” என்று அவள் என் தோளைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

“இதுல இனிப் புள்ளைய ஏத்தாதீங்க” என்று மட்டும் காக்கா சொன்னார்.

என் கொப்பியில் என்ஜினுக்கு வரி இருந்தது. பெற்றோலுக்கு இருந்தது. வட்டிக்கும் இருந்தது. இந்த வெடிப்புக்கு வரி இருக்கவில்லை. என்ஜின் சத்தம் நன்றாக இருந்தால் பைக் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆனால் என்ஜின் பழுதானால் பைக் நிற்கும்; நாம் நடந்து வீட்டுக்கு வருவோம். சட்டகம், பிரேக், டயர், ஹேண்டில் பழுதானால் நாம் வீட்டுக்கு வராமலே போகலாம். இந்நாட்டின் வீதி விபத்துகளில் உயிரிழப்போரில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எனவே பழைய பைக்கை வைத்திருப்பதா என்ற கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். என்ஜின் விடயம் பணக் கேள்வி. அதைக் கொப்பியில் தீர்க்கலாம். பாதுகாப்பு விடயம் பணக் கேள்வியல்ல. அதில் தேறாத பைக்குக்கு முதலாவது கணக்கே தேவையில்லை.

பத்து நிமிடத்தில் நீங்களே பார்க்கக்கூடியவை

நான் மெக்கானிக் அல்ல. காக்காவிடம் கற்றுக்கொண்டு, இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நானே பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவரைப் பின்பக்கம் அமர்த்தி முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். முன் போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் ஹேண்டில் கழுத்துப் பெயாரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போலச் சிக்கினால் அது தேய்ந்துவிட்டது.

பிறகு பின்சில்லை உயர்த்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சில்லுப் பெயாரிங் அல்லது கவையின் புஷ் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, ஒட்டுகள். கழுத்துப் பகுதி, கவை, பெற்றரித் தட்டின் கீழ், ஸ்டாண்ட் பொருந்தும் இடம் ஆகியவற்றைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு. ஒட்டின் வழியே துருக்கோடு ஓடினால் வெடிப்பாக இருக்கலாம். கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு இது முக்கியம். உப்புக்காற்று இரும்பை விடாது. மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டிய பைக்கில் பெயாரிங் கிரீசும் செயின் ஒயிலும் கழுவுண்டு போகும். வெள்ளம் வடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு ஒயில் போட்டு, பிரேக்கையும் பெயாரிங்கையும் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, டயர். பூ தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால், 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும் பழைய இறப்பர் இறுகிவிடும். மழை வீதியில் வழுக்கும். பக்கச் சுவரில் சிறு வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, பிரேக். டிரம் பிரேக் உள்ள பல பைக்குகளில், பிரேக் கையில் ஒரு சிறு முள்ளும், தட்டில் ஓர் அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது முள் அடையாளத்தைத் தாண்டினால் சூ முடிந்துவிட்டது. டிஸ்க் பிரேக் என்றால் அதன் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவசர நேரத்தில் பிரேக் பிடிக்காது. பிரேக் சூ, கேபிள் போன்றவற்றில் மலிவான டியூப்ளிகேட் வாங்கி இருநூறு, முந்நூறு ரூபா மிச்சம் பிடிப்பது மிச்சமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பைக்கில் வாப்பா, உம்மா, இரண்டு பிள்ளைகள் என நால்வர் போவதை நாம் சாதாரணமாக்கிவிட்டோம். சட்டம் அனுமதிப்பது ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரை மட்டுமே. இருவருக்கென்று செய்த சட்டகமும் ஷொக்கும் பிரேக்கும் பல வருடங்களாக நால்வரைச் சுமந்தால், என்னுடைய கவையில் வந்தது போன்ற வெடிப்பு வருவது புதுமையல்ல. என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

எனக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகுமா?

வெடிப்பைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் நல்லதல்ல. “ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, விற்றுவிடலாம்.” என்ஜின் புதிதாகச் செய்தது, சத்தம் அருமை, மீற்றரில் சில நூறு கிலோமீற்றர்தான் காட்டுகிறது. வாங்குபவருக்கு எதுவும் தெரியாது.

வாங்குபவர் யாராக இருப்பார்? உயர்தரம் எழுதிவிட்டு முதல் வேலைக்குப் போகும் யாரோ ஒருவரின் மகன். அல்லது என்னைப் போல மகளைப் பின்னால் ஏற்றிச் செல்லும் ஒரு தகப்பன். பொருளின் குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல என்பதைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்திருக்கிறோம். ஆனால் பழைய வாகனச் சந்தையில் அதை ‘வியாபாரத் திறமை’ என்கிறோம். மீற்றரைத் திருப்புவது, துருவின் மேல் பெயின்ட் அடிப்பது, விபத்தில் வளைந்ததை நிமிர்த்திவிட்டுச் சொல்லாமல் இருப்பது எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை. சந்தையில் மாம்பழத்தின் அழுகலை மறைத்தால் காசு நட்டம். இங்கே உயிர்.

விற்பதாக இருந்தால் குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும். திருத்த முடியாத சட்டகம் என்றால், ஓட்டுவதற்கென்று விற்காமல் உதிரிப்பாகங்களாகக் கொடுப்பதே நேர்மை.

பத்திரங்களையும் கவனியுங்கள். ‘ஓப்பன் பேப்பர்’ என்று கையொப்பமிட்ட படிவத்தைக் கொடுத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றப்படும்வரை அந்த வாகனம் நமது பெயரிலேயே இருக்கிறது. அது விபத்தில் சிக்கினாலோ குற்றத்துக்குப் பயன்பட்டாலோ பொலிஸ் முதலில் தேடி வருவது நமது வீட்டுக்குத்தான். வாங்குபவரோடு சேர்ந்து உரிமை மாற்றத்தை முடித்துவிட்டே நிம்மதியாக இருங்கள். அதேபோல நீங்கள் வாங்குவதாக இருந்தால், என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துகிறதா, லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

நான் எடுத்த முடிவு

காக்கா பைக்கை முழுதாகக் கழற்றிப் பார்த்தார். கழுத்துப் பகுதியும் பிரதான சட்டகமும் நன்றாக இருந்தன. கவை தனிப் பாகம் என்பதால் ஒட்டுப் போடாமல் புதியதையே வாங்கிப் பூட்டினோம். புஷ், பின் பெயாரிங், இரண்டு டயர்களின் வயது எல்லாம் பார்த்தோம். அது முடியும்வரை இரண்டு வாரம் பஸ்ஸில் போனேன்.

பைக்கை இன்னும் மூன்று வருடங்களுக்கு வைத்திருக்க முடிவு செய்திருக்கிறேன். ஆனால் மூன்று நிபந்தனைகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, பிரதான சட்டகத்திலோ கழுத்திலோ வெடிப்பு வந்தால் அன்றோடு நிறுத்துவது. இரண்டு, பிரேக், ஹேண்டில் சம்பந்தமான பாகம் ஒன்று ஒரிஜினலாகக் கிடைக்காமல் போனால் நிறுத்துவது. மூன்று, ஒயில், டயர் போன்ற வழமையான செலவுகள் நீங்கலாக, ஒரு வருடத் திருத்தச் செலவு பைக்கின் விலையில் பாதியை எட்டினால் நிறுத்துவது. நாளைக்கு மனம் தடுமாறும்போது இந்தப் பக்கம் எனக்குப் பதிலாக முடிவு சொல்லும்.

அடுத்ததற்கும் ஆயத்தமாகிறேன். எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் வட்டியில்லாமல் சீட்டுப் போடுகிறோம். மாதம் 10,000 ரூபா போடுகிறேன். மூன்று வருடத்தில் 3 இலட்சத்து 60,000. பழைய பைக்கின் விலையும் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், கடனில்லாமலோ சிறு கைமாற்றோடோ அடுத்ததை வாங்கலாம். தவணையை நிறுவனத்துக்குப் பிறகு கட்டுவதைவிட எனக்கே முன்கூட்டிக் கட்டுவது இலேசு.

மகனுக்கு இப்போது 17 வயது. “வாப்பா, நீங்க புதுசு எடுத்தா இதை எனக்குத் தருவீங்கதானே” என்கிறான். நமது வீடுகளில் பழைய பைக் மகனுக்குப் போவதுதான் வழக்கம். வீட்டிலேயே மிகக் குறைந்த அனுபவமுள்ளவனுக்கு மிகப் பழைய பிரேக்கைக் கொடுக்கிறோம். அவனோ நம்மைவிட வேகமாக ஓட்டுபவன். 18 வயது நிறைந்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைச் சோதனையை என் உதவியில்லாமல் அவனே செய்யப் பழகிய பிறகு பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவனும் பக்கத்தில் குந்தியிருந்தான்.

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு பைக்கை விற்கவோ வைத்திருக்கவோ அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு பழந்துணியை எடுத்து, பின்சில்லுக்குப் பக்கத்தில் அந்த ஒட்டுக் கோட்டைத் துடைத்துப் பாருங்கள். கணக்கைப் பிறகு போடலாம்.